கிளாரன்ஸ் ஜீனர்: டயோடு தந்த பெயரும் இரும்பு தந்த வேலையும்

நம் கல்லூரியில் படித்த யாருமே முதல் வருஷ பௌதிக லேபில் டார்ஷன் பெண்டுலத்திடம் இருந்து தப்பித்திருக்க முடியாது. மேலே இறுக்கிப் பிடித்த ஒரு கம்பி, அதன் அடியில் கனமான ஒரு வட்டத் தட்டு, கையில் ஸ்டாப் வாட்ச். தட்டை லேசாகத் திருகி விட்டுவிட்டு அலைவுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் சின்னதாகிக்கொண்டே போகும். ரொம்பச் சின்னதாகிவிட்டால் மறுபடியும் திருகி விடுவோம். கம்பியின் விறைப்புக் குணகம் ஏதோ ஒரு மாதிரி புத்தகத்தில் போட்டிருப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். ஆட்டம் ஏன் குறைகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. காற்று தடுக்குது சார் என்று நாமே ஒரு சமாதானம் வைத்திருந்தோம்.

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஜீனர் டயோடு. வோல்டேஜை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கரண்ட் சட்டென்று எகிறும். அந்த முழங்காலை கிராஃபில் வரைந்து காட்டினால் வேலை முடிந்தது.

இந்த இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் ஒரே மனிதர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது படிக்கிற காலத்தில் எனக்குத் தெரியாது. வார்ப்பு இரும்போடு வேலை பார்க்க ஆரம்பித்து, இரும்பு ஏன் ஒரு சமயம் கணீரென்றும் ஒரு சமயம் மொத்தென்றும் ஒலிக்கிறது என்று தேடிப் படித்தபோதுதான் கிளாரன்ஸ் ஜீனரின் பெயர் எதிர்ப்பட்டது. டயோடு ஜீனர் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரே ஆள்தான்! அவர் ஆயுளில் பாதிக்கு மேல் உலோகங்களோடு மல்லுக்கட்டியவர். டயோடு என்பது அவர் பெயரைத் தாங்கிய ஒரு பொருள், அவ்வளவே. இந்த மலரில் அவரைப் பற்றி எழுத நினைத்ததற்கு அதுவே காரணம்.

கிளாரன்ஸ் மெல்வின் ஜீனர் 1905 டிசம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டில் பட்டம், ஹார்வர்டில் எட்வின் கெம்பிள் என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்டம். அது 1929. குவாண்டம் இயக்கவியல் பிறந்து மூன்று நான்கு வருஷமே ஆகியிருந்த நேரம். கெட்டிக்காரப் பையன்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜீனரும் ஓடினார், நன்றாகவே ஓடினார். 1932-இல் அவர் எழுதிய ஒரு கணக்கு, அதே வருஷம் ரஷ்யாவில் லாண்டாவ் தனியாகச் செய்த கணக்கோடு ஒத்துப்போனதால், இன்றும் லாண்டாவ்–ஜீனர் சூத்திரம் என்றே பாடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1934-இல் இன்னொரு கட்டுரை வந்தது. மின்சாரம் கடத்தாத ஒரு திடப்பொருளின் மேல் மிக அதிகமான மின்புலத்தைச் செலுத்தினால், அதில் இருக்கும் எலக்ட்ரான்கள் தடைச் சுவரைத் தாண்டாமல் அதன் ஊடாகவே நழுவி வெளியே வந்துவிடும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

டயோடு பற்றி அவர் எழுதியது அவ்வளவுதான். அப்போது இந்த மாதிரிச் சந்தி டயோடும் கிடையாது, டிரான்சிஸ்டரும் கிடையாது. பல வருஷம் கழித்து, 1951-இல், பெல் லேபரட்டரீஸ் ஆட்கள் ஜெர்மானியம் சந்தியில் கரண்ட் எகிறுவதைப் பார்த்து, இது ஜீனர் சொன்னதுதான் என்று எழுதினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், சுமார் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேற்பட்ட டயோடுகளில் நடப்பது பெரும்பாலும் ஜீனர் சொன்ன சங்கதியே கிடையாது. எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று தட்டிவிட்டுப் பனிச்சரிவு போலப் பெருகும் வேறொரு நிகழ்ச்சி. பெட்டியில் ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தாலும் கடைக்காரர் ஜீனர் என்றே தருகிறார், நாமும் ஜீனர் என்றே வாங்குகிறோம்.

ஒரு சமயம் ஓப்பன்ஹைமரோடு இரவு விருந்தில் கலந்துகொண்ட பிறகு, அடிப்படை பௌதிகத்தில் இப்படிப்பட்ட ஆளோடு தான் போட்டி போடுவதில் அர்த்தமில்லை என்ற முடிவுக்கு ஜீனர் வந்துவிட்டார் என்று சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி எண்ணத்தை மனசுக்குள் புதைத்துக்கொண்டு அதே பாதையில் அரைகுறையாக நடப்பார்கள். ஜீனர் தான் முதல் ஆளாக நிற்கக்கூடிய இடம் எது என்று பார்த்தார். அந்தக் காலத்துப் பெரிய மேதைகள் எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது: தட்டினால் ஒலிக்கும் இரும்பு, கொஞ்ச நேரத்தில் ஏன் அடங்கிப் போகிறது?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. நின்றிருக்கும் ரயில் பெட்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவதை அந்தக் காலத்தில் ஸ்டேஷன்களில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கணீர் என்றால் சக்கரம் சரி. மொத்து ஒலி வந்தால் விரிசல். எண்ணூர் பக்கத்து வார்ப்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாதாரண சாம்பல் வார்ப்பு இரும்பைத் தட்டினால் ‘டொக்’ என்று அடங்கிவிடும், ஏனென்றால் உள்ளே கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கிறது. அதே கிராஃபைட்டை உருண்டையாக்கிய எஸ்.ஜி. இரும்பு மணி போல ஒலிக்கும். காதால் கேட்டே எது எது என்று பிரித்து வைக்கும் ஆட்கள் உண்டு. லேத் மெஷினின் அடிப்பாகத்தைச் சாம்பல் இரும்பில் வார்ப்பதே அது அதிர்வை விழுங்கிவிடும் என்பதற்காகத்தான்.

விரிசலும் இல்லாமல் கிராஃபைட்டும் இல்லாமல் சுத்தமான உலோகக் கம்பி ஒன்றைக் காற்றே இல்லாத வெற்றிடத்தில் ஆட்டிவிட்டாலும் அது நின்றுதான் போகிறது. அப்படியானால் உராய்வு உள்ளேதான் இருக்கிறது. இதற்கு உள் உராய்வு என்று பெயர். ஜீனர் 1937, 38-இல் எழுதிய கட்டுரைகள் இதில் ஆரம்பிக்கின்றன. முதல் விடை வெப்பம். ஒரு தகட்டை வளைத்தால் உள்பக்கம் அமுங்கிச் சூடாகிறது, வெளிப்பக்கம் இழுபட்டுக் குளிர்கிறது. மிக மிகச் சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் சூடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுகிறது. ஓடிய சூடு முழுக்கத் திரும்பி வேலையாக மாறாது. அதுதான் இழப்பு. இன்று கைபேசிக்குள் இருக்கும் தலைமயிரை விடச் சன்னமான அதிர்வுக் கருவிகளை வடிவமைப்பவர்கள் இந்த 1937-ஆம் வருஷத்துச் சூத்திரத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்த வருஷங்களில் அவர் ஒரு இடத்தில் நிலையாக இருக்கவில்லை. செயின்ட் லூயிஸ், நியூயார்க், பிறகு மேற்குக் கோடியில் வாஷிங்டன் மாநிலம் என்று கல்லூரி கல்லூரியாக மாறி வாத்தியார் வேலை. யுத்தம் வந்ததும் 1942-இல் வாட்டர்டவுன் என்ற இடத்தில் இருந்த ராணுவ ஆயுதசாலைக்குப் போனார். பீரங்கிக்கும் கவசத்துக்கும் உண்டான எஃகுதான் அங்கே பிரச்சினை. ஹாலமன் என்பவரோடு சேர்ந்து, எஃகை எவ்வளவு வேகத்தில் எந்தச் சூட்டில் உருமாற்றுகிறோம் என்ற இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிக் காட்டினார். ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஜீனர்–ஹாலமன் எண் என்று இன்றும் உபயோகிப்பது அதைத்தான்.

இனி கரி விஷயம். இதில் முதல் மரியாதை ஜீனருக்குப் போகக் கூடாது. ஹாலந்தில் ஐந்தோவன் நகரத்து பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்னூக் என்று ஒருவர் இருந்தார். காந்தப் பொருட்கள்தான் அவருடைய துறை. இரும்பின் காந்தத்தன்மை கொஞ்சம் தாமதமாக எழும்பி அடங்கும் ஒரு விநோதத்தை ஆராயப் போனவர், இரும்பை ஹைட்ரஜனில் காய்ச்சி அதில் இருக்கும் கார்பனையும் நைட்ரஜனையும் சுத்தமாக வெளியேற்றினால் அந்த விநோதம் மறைந்துபோவதைக் கண்டார். துளியூண்டு திரும்பச் சேர்த்தால் திரும்ப வந்தது. காந்தத்தில் மட்டுமில்லை, அதிர்விலும் அப்படியே. ஹாலந்தை ஜெர்மன் படை பிடித்துவிட்ட பிறகு, 1941-இல், அவருடைய முக்கியமான கட்டுரை வெளிவந்தது. 1950-இல் அமெரிக்காவுக்குப் போன இடத்தில் கார் விபத்தில் ஸ்னூக் இறந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் கண்ட விஷயம் இது. இரும்பு அணுக்கள் கனசதுரம் கனசதுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன; மூலைகளில் எட்டு, நடுவில் ஒன்று. ஒரு கனசதுரத்தின் பக்கம் 0.287 நானோமீட்டர். கார்பன் அணு சின்னது என்றாலும் அதற்கேற்ற பொந்து உள்ளே இல்லை. விளிம்புகளின் நடுவில் இருக்கும் இடுக்கில் முண்டியடித்து உட்கார்ந்து, அந்த விளிம்பின் இரண்டு முனையில் இருக்கும் இரும்பு அணுக்களை நெம்பித் தள்ளுகிறது. விளிம்புகள் மூன்று திசையில் இருப்பதால், சும்மா இருக்கும் இரும்பில் கார்பன்கள் மூன்று திசைக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு இருக்கும். ஒரு திசையில் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசை இடுக்குகள் மட்டும் கொஞ்சம் விசாலமாகும். மற்ற இடுக்கில் இருப்பவை அங்கே தாவும். விட்டால் திரும்பித் தாவும். சாதாரண அறைச் சூட்டில் ஒரு கார்பன் அணு ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு தரம் இப்படி இடம் மாறுகிறது.

விம்கோ நகரில் இருந்து காலை எலக்ட்ரிக் டிரெயினில் பீச்சுக்கோ சென்ட்ரலுக்கோ போனவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அடுத்த ஸ்டேஷனில் பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கத்து வாசலுக்குக் கூட்டம் நகரும். ஸ்டேஷன்கள் தூரம் தூரமாக இருந்தால் எல்லாரும் நிதானமாக நகர்ந்து நின்றுகொள்வார்கள், சண்டை இல்லை. வினாடிக்கு ஒரு தரம் பக்கம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒருத்தரும் நகரப் போவதில்லை, அப்போதும் சண்டை இல்லை. பாதிக் கூட்டம் நகர்ந்து முடிப்பதற்குள் பக்கம் மாறிவிட்டால்தான் இடியும் மிதியும். இரும்பும் அப்படித்தான். மிக மெதுவாக ஆட்டினாலும் இழப்பு குறைவு, மிக வேகமாக ஆட்டினாலும் குறைவு. அணு தாவும் நேரமும் அலைவின் நேரமும் ஒட்டி வரும்போது மட்டும் உள் உராய்வு மலை முகடு போல எழும்புகிறது. அதற்கு ஸ்னூக் முகடு என்று பெயர்.

வினாடிக்கு ஒரு அலைவு என்ற கணக்கில் கார்பனுக்கு இந்த முகடு சுமார் 40 டிகிரி சென்டிகிரேடில் வருகிறது. நைட்ரஜனுக்கு அதைவிடக் குறைவான சூட்டில், இருபது சொச்சம் டிகிரியில். அதாவது ஒன்று நம் சித்திரை மதியம், இன்னொன்று மார்கழி விடியற்காலை!

ஜீனர் செய்தது என்ன? தனித்தனியாகக் கிடந்த இந்த மாதிரி முகடுகளை எல்லாம் ஒரே நூலில் கோத்தார். சூடு ஓடுவது, கார்பன் தாவுவது, பித்தளையில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் திசை மாறுவது, படிகத் துகள்களின் எல்லைகள் வழுக்குவது எல்லாமே ஒரே குடும்பம், காலதாமதம்தான் குடும்பப் பெயர் என்றார். மீள்தன்மையும் இல்லாமல் நிரந்தரமான வளைவும் இல்லாமல், நேரம் கொடுத்தால் முழுக்கத் திரும்பி வரும் இந்தத் தன்மைக்கு அனெலாஸ்டிசிட்டி என்று பெயர் சூட்டினார். 1945-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு இதை ஒரு புத்தகமாக எழுதி 1948-இல் வெளியிட்டார். மெல்லிய புத்தகம்தான். இந்தத் துறையில் யார் கட்டுரை எழுதினாலும் அங்கே இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிகாகோவில் அவரோடு இருந்த ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். கே என்ற சீனர். கே டிங் சூயி. நாம் முதல் வருஷத்தில் திருகி விட்ட அதே டார்ஷன் பெண்டுலத்தை எடுத்துக்கொண்டு, கம்பியைச் சுற்றி ஒரு சிறு உலை வைத்து, ஒரு கண்ணாடியை ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி அளவுகோலில் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒவ்வொரு அலைவுக்கும் குறித்தார். நாம் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தோம். அவர் நாம் தொந்தரவு என்று விட்டுவிட்ட ஆட்டக் குறைவைப் பார்த்தார். 1947-இல் அலுமினியக் கம்பியில் துகள் எல்லைகள் கெட்டியான எண்ணெய் போல வழுக்குகின்றன என்று இதே கருவியால் நிரூபித்தார். எல்லையே இல்லாத ஒற்றைப் படிகக் கம்பியில் அந்த முகடு வரவில்லை. கருவிக்கே கே பெண்டுலம் என்று பெயர் வந்தது. 1949-இல் அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி, அங்கே இந்தத் துறையை நட்டு வளர்த்து, 2000-இல் மறைந்தார்.

சார்லஸ் வெர்ட் என்ற இன்னொருவரும் அங்கே இருந்தார். ஜீனரும் அவரும் சேர்ந்து கார்பனின் தாவலை வைத்துக்கொண்டே இரும்புக்குள் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கணக்கிட்டார்கள். அதற்கு முன்னால் பரவலை அளக்க வேண்டுமானால் உலையில் நாள் கணக்கில் காய்ச்சி, சீவிச் சீவிப் பார்க்க வேண்டும். அறைச் சூட்டில் அது நடக்கவே நடக்காத காரியம். ஒரே ஒரு தாவலை அளந்தால் போதும் என்று ஆனபோது, குளிர்ந்த இரும்பிலும் பரவல் எவ்வளவு என்று தெரிந்தது.

சரி, இதெல்லாம் யாருக்கு உபயோகம் என்று பையன்கள் கேட்பது காதில் விழுகிறது. புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர்க்காரர்களுக்கு அதைவிடப் பழக்கமான உதாரணம் கிடையாது. மெல்லிய எஃகுத் தகட்டை அச்சில் வைத்து ஆழமாக அழுத்தி எடுக்க வேண்டும். சில தகடுகளில் அழுத்தியதும் மேலே வரி வரியாகத் தழும்பு விழும், பெயிண்ட் அடித்தாலும் மறையாது. காரணம் கரைந்திருக்கும் கார்பனும் படிகக் குறைபாடும் சேர்ந்து செய்யும் கூட்டுச் சதி. உலோகம் வளைவதே டிஸ்லொகேஷன் என்று நாம் படித்த வரிசைப் பிசகுகள் நகர்வதால்தான். அந்தப் பிசகைச் சுற்றி இடம் தளர்வாக இருப்பதால், அலைந்துகொண்டிருக்கும் கார்பன்கள் மெல்ல மெல்ல அங்கே போய்க் குடியேறி அதைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. 1949-இல் காட்ரெலும் பில்பியும் இதைக் கணக்காக எழுதினார்கள். அச்சின் அழுத்தத்தில் ஒரு இடத்தில் கட்டு அறுந்து பிசகுகள் கூட்டமாக ஓட, பக்கத்து இடம் அப்படியே நிற்க, தழும்பு. கோடவுனில் தகடு எத்தனை நாள் கிடந்தது என்பதும் அதனால்தான் முக்கியமாகிறது.

சாதாரண ரசாயனப் பரிசோதனை தகட்டில் மொத்தம் எவ்வளவு கார்பன் என்று சொல்லும். அதில் எத்தனை கரைந்து அலைகிறது, எத்தனை கார்பைடாகக் கட்டிக் கிடக்கிறது என்று சொல்லாது. ஸ்னூக் முகட்டின் உயரம் அலைகிற கார்பனை மட்டும் எண்ணும். ஃபெர்ரைட் இரும்பு 727 டிகிரியில்கூட 0.02 சதவீதம்தான் கரைத்துக்கொள்ளும். அறைச் சூட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அந்தத் துளியில் ஒரு துளியையும் ஒரு கம்பியின் ஆட்டம் காட்டிக்கொடுக்கிறது. தகட்டை வளைத்துப் பிசகுகளைப் பெருக்கி விட்டுக் கொஞ்சம் காத்திருந்து பார்த்தால் முகடு தாழ்ந்து போகும். கார்பன்கள் பிசகுகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதே கம்பியை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் புதிதாக இன்னொரு முகடு எழும்பும். பிசகு அசையும்போது தன்னைச் சுற்றி உள்ள கார்பனையும் இழுத்துக்கொண்டு போவதால் வருவது அது. ஸ்னூக் கண்டார், ஜெர்மனியில் கோஸ்டர் 1954-இல் விரிவாக ஆராய்ந்தார். இழுப்பது எப்படி என்று அதன் பிறகும் பல வருஷம் அறிஞர்கள் வாதாடினார்கள்.

இதே சதியை நல்லதுக்கும் திருப்பலாம். கார் கதவுத் தகட்டில் ஒரு பத்து லட்சத்துக்குப் பத்து இருபது பங்கு கார்பனை மட்டும் வேண்டுமென்றே அலைய விடுவார்கள். அழுத்தும்போது தகடு மிருதுவாக வளையும். பெயிண்ட் காய வைக்க 170 டிகிரி அடுப்பில் இருபது நிமிஷம் வைக்கும்போது கார்பன்கள் ஓடிப்போய்ப் பிசகுகளைப் பிடித்துக்கொள்ள, கதவு கெட்டியாகிவிடும். தனியாக ஒரு செலவும் இல்லை. அளவு கொஞ்சம் கூடினால் தழும்பு, குறைந்தால் பலம் இல்லை. அந்த அளவைப் பார்க்கும் வழிகளில் ஒன்று உள் உராய்வு.

சிகாகோவில் ஜீனரிடம் மாணவராகச் சேர்ந்தவர்களில் ஜான் குட்இனஃப் ஒருவர். உனக்கு இரண்டு பிரச்சினை இருக்கிறது, முதலாவது ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிப்பது, இரண்டாவது அதைத் தீர்ப்பது என்ற கருத்தில் ஜீனர் சொல்லி அனுப்பிவிட்டாராம். பையன் பிழைத்துக்கொண்டார். லித்தியம் பேட்டரிக்காக 2019-இல், 97-ஆவது வயதில், நோபல் பரிசு வாங்கினார். ஜீனருக்கு நோபல் கிடைக்கவில்லை. உள் உராய்வு ஆராய்ச்சியாளர்கள் கூடும் சர்வதேச மாநாட்டில் அவர் பெயரில் ஒரு பரிசு கொடுக்கிறார்கள்.

1951-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்துக்குப் போய் 1965 வரை இருந்தார். பிறகு டெக்சாஸில் கொஞ்ச காலம் டீன் பதவி. 1968-இல் இருந்து பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். வயதான காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது கடல். மேல் தண்ணீர் வெதுவெதுப்பு, அடித் தண்ணீர் ஜில்லென்று. இந்த வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்க முடியாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தகட்டின் இரண்டு பக்கத்துக்கு நடுவில் ஓடிய அணு அளவு சூட்டில் ஆரம்பித்தவர், சமுத்திரத்தின் சூட்டில் வந்து நின்றார். நம் வட சென்னை அனல் மின் நிலையத்தில் 2009-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார், வெளியேறும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்து உப்பு நீரைக் குடிநீராக்கிக் காட்டியது அந்த வகையறாச் சொந்தக்காரன்தான்.

1993 ஜூலை 2-ஆம் தேதி, 87-ஆவது வயதில், ஜீனர் காலமானார்.

ஒன்றுகூடல் அன்று பௌதிக லேப் திறந்திருந்தால் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தட்டைத் திருகி விட்டுவிட்டு, இந்த முறை ஸ்டாப் வாட்ச்சை மேஜையில் வைத்துவிடுங்கள். ஆட்டம் பாதியாகக் குறைய எத்தனை அலைவு ஆகிறது என்று மட்டும் எண்ணுங்கள். அந்தக் கம்பியில் பெரும்பங்கு காற்றும் மேல் பிடியும்தான் என்பது உண்மை. நம் பழைய சமாதானம் முழுக்கத் தப்பில்லை. சுத்த இரும்புக் கம்பி கிடைத்தால், 700 டிகிரிக்குக் காய்ச்சி சட்டென்று தண்ணீரில் முக்கி, கனமான தட்டுக்குப் பதில் லேசான ஒரு குறுக்குத் தண்டை மாட்டி, சித்திரை மதியம் ஒரு தரமும் மார்கழிக் காலை ஒரு தரமும் எண்ணிப் பார்க்கச் சொல்லி இப்போது படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.